வேலை கை மாறும் இடம்

கனடாவின் நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தில் மிராமிச்சி என்றொரு சிறு நகரம் இருக்கிறது. மத்திய அரசு ஊழியர்களின் சம்பள வேலையை ஒரே இடத்துக்குக் கொண்டுவர 2009-இல் அந்நாட்டு அரசு முடிவெடுத்தது. அதற்கான மையம் இந்த ஊரில் அமைந்தது. 46 துறைகளில் பரவியிருந்த ஏறத்தாழ 1,200 சம்பள ஆலோசகர் பணியிடங்கள் நீக்கப்பட்டன. அவற்றுக்குப் பதிலாக மிராமிச்சியில் 460 ஆலோசகர்களும் 90 துணைப் பணியாளர்களும் அமர்த்தப்பட்டார்கள். ஃபீனிக்ஸ் என்று பெயரிட்ட புதிய சம்பள மென்பொருள் 2016 பிப்ரவரியிலும் ஏப்ரலிலுமாக இரண்டு கட்டங்களில் 101 துறைகளுக்குப் போய்ச் சேர்ந்தது. ஆண்டுக்கு 7 கோடி டாலர் மிச்சமாகும் என்று எதிர்பார்த்தார்கள். 2017 ஜூனில் 1,50,000-க்கும் அதிகமான ஊழியர்கள் தங்கள் சம்பளத்தைச் சரிசெய்யக் கேட்டுக் காத்திருந்தார்கள். குறைவாக வாங்கியவர்கள், அதிகமாக வாங்கித் திருப்பிக் கட்ட வேண்டியவர்கள், சம்பளமே வராதவர்கள் என எல்லாரும் அந்த வரிசையில் இருந்தார்கள்.

பல பிரிவுகளின் கணக்கு, சம்பள வேலைகளை ஒரே மையத்தில் குவிக்கும் ஷேர்டு சர்வீசஸ் பற்றிய நூலில் இந்தக் கதைக்கு இவ்வளவு இடம் தருவதற்குக் காரணம் உண்டு. தனியார் நிறுவனங்களில் இப்படிப்பட்ட தோல்விகள் உள்ளேயே முடிந்துவிடும். நாம் படித்துக் கற்றுக்கொள்ள எதுவும் வெளியே வராது. கனடாவில் தலைமைத் தணிக்கையாளர் மைக்கேல் ஃபெர்குசன் 2018 மே மாதம் வெளியிட்ட அறிக்கை எல்லாவற்றையும் பொதுவில் வைத்துவிட்டது. மென்பொருளுக்கு அனுமதிக்கப்பட்ட தொகை 15.5 கோடி டாலர். அதைக் கட்டிய ஐ.பி.எம். நிறுவனம் 2012-இல் 27.4 கோடி டாலர் ஆகும் என்று சொன்னது. திட்டத்தை நடத்திய மேலதிகாரிகள் கூடுதல் பணம் கேட்கவில்லை. அனுமதித்த தொகைக்குள் அடங்கும்படி மென்பொருளின் வசதிகளை வெட்டினார்கள். பின்தேதியிட்ட சம்பளத்தைக் கணக்கிடும் வசதி அப்படி வெட்டப்பட்டவற்றில் ஒன்று. ஒரு துறையில் மட்டும் முன்னோட்டமாக ஓட்டிப் பார்க்கும் திட்டம் 2015-இல் கைவிடப்பட்டது. எது வெட்டப்பட்டது, எது சோதிக்கப்படவில்லை என்ற முழு விவரம் அந்த 101 துறைகளின் தலைமைக்குப் போய்ச் சேரவில்லை.

அந்தத் துறைகளைக் கலந்து பேசவே இல்லையா என்றால், பேசினார்கள். கூட்டங்கள் நடந்தன, பயிற்சிகள் நடந்தன, மின்னஞ்சல்கள் போயின. ஸ்டேக்ஹோல்டர்களுடன் தொடர்பு என்று நாம் வழக்கமாகக் கணக்கில் எழுதுவதெல்லாம் அங்கும் இருந்தது. ஆனால் வேலை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறும் இடத்தில் உண்மையில் என்ன நடக்கிறது என்பதை யாரும் போதிய அளவு பார்க்கவில்லை. பழைய முறையில் ஒரு மேலாளர் தன் கீழ் இருப்பவருக்குத் தற்காலிகப் பொறுப்பு கொடுத்துவிட்டு, அதற்கான தாளை இரண்டு வாரம் கழித்து அனுப்புவார். அதே கட்டடத்தில் இருந்த சம்பள ஆலோசகர் அதைக் கையால் சரிசெய்துவிடுவார். எந்த விளக்கப்படத்திலும் இந்த வேலை இருக்காது. ஆலோசகர் போனதும் வேலையும் போயிற்று. தாமதமாகத் தாள் அனுப்பும் பழக்கம் மட்டும் துறையில் தங்கிவிட்டது. புதிய மென்பொருளோ விவரம் முன்கூட்டியே, சரியாக வந்துசேரும் என்று எதிர்பார்த்தது.

மையம் தொடங்கும் தலைவர் ஒவ்வொருவரும் முதலில் தேட வேண்டியது இந்தப் பெயரில்லாத வேலையைத்தான். வேலையை மாற்றித் தரும் அலுவலகத்தில் செயல்முறை ஆவணம் கேட்டால் அழகாக ஒன்று கொடுப்பார்கள். அதில் இருப்பது நடக்க வேண்டியது. நடப்பது என்ன என்று அறிய, மாதக் கணக்கு முடிக்கும் அந்த நான்கைந்து நாட்களில் அங்கே போய் உட்கார வேண்டும். யாருக்கு யார் போன் செய்கிறார்கள், எந்த எக்செல் கோப்பு யாருடைய கணினியில் மட்டும் இருக்கிறது, எந்தப் பில் வந்தால் மூத்த கிளார்க் தன் பையிலிருக்கும் நோட்டைப் புரட்டுகிறார் என்றெல்லாம் அப்போதுதான் தெரியவரும்.

யார் ஸ்டேக்ஹோல்டர்?

மையங்களின் ஆவணத்தில் ஸ்டேக்ஹோல்டர் பட்டியல் என்று ஒரு பக்கம் இருக்கும். நிதித் தலைவர், மனிதவளத் தலைவர், வணிகப் பிரிவுத் தலைவர்கள், உள் தணிக்கை என்று பதவி வாரியாக எழுதியிருப்பார்கள். இவர்கள் முக்கியமானவர்கள்தான். பணம் தருவதும் மையத்தைத் தொடரலாமா என்று முடிவு செய்வதும் இவர்களே. ஆனால் மையத்தின் அன்றாட வேலை இவர்கள் கையில் இல்லை. தொழிற்சாலை ஸ்டோர்ஸில் சரக்கு வரவைப் பதிவு செய்பவர், பர்ச்சேஸ் பிரிவில் விலையை ஏற்றுபவர், புதிதாகச் சேர்ந்தவரின் வங்கி விவரத்தை அனுப்பும் மனிதவள உதவியாளர் ஆகியோர் கொடுப்பதை வைத்துத்தான் மையம் ஓடுகிறது. மறுமுனையில் பணத்துக்காகக் காத்திருக்கும் சப்ளையரும், சம்பளத்துக்காகக் காத்திருக்கும் ஊழியரும் இருக்கிறார்கள்.

மையத் தலைவர்களின் நாட்காட்டியைப் பார்த்தால் பெரும்பாலான நேரம் மேலிடத்துக்கே போகிறது. வேலையைக் கொடுப்பவர்களுக்கும் வாங்குபவர்களுக்கும் டிக்கெட் எண் மட்டும் கிடைக்கிறது. என் தீர்ப்பு இதற்கு நேர்மாறானது. தொடர்புக்கென்று ஒரு தலைவர் ஒதுக்கும் நேரத்தில் பாதியாவது வேலையை உள்ளே அனுப்புகிறவர்களுக்குப் போக வேண்டும். மையத்தில் தேங்கும் வேலையைத் தோண்டிப் பாருங்கள். மிகப் பல தேக்கங்களின் வேர் மையத்துக்கு வெளியே, வேலை உள்ளே வரும் வாசலிலேயே இருக்கும்.

இரண்டு கடிகாரங்கள்

இந்தியாவில் இதைத் தெளிவாகக் காட்டும் இடம் சப்ளையர்களுக்குப் பணம் கொடுக்கும் பிரிவு. அதனால் இங்கே கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

ஓசூரில் ஒரு தொழிற்சாலை, சென்னை ஓ.எம்.ஆரில் அதன் கணக்கு மையம் என்று எடுத்துக்கொள்வோம். சிறு தொழில் செய்யும் ஒரு சப்ளையர் ஜூலை 1 அன்று சரக்கை இறக்குகிறார். தரப் பரிசோதனை (க்யூ.சி.) முடிந்து ஸ்டோர்ஸில் சரக்கு வரவுப் பதிவு (ஜி.ஆர்.என்.) போடப்படுவது ஜூலை 9-இல். பில் மையத்துக்கு வந்துசேர்வது 14-இல். மையத்தில் இருப்பவர் பர்ச்சேஸ் ஆர்டர், சரக்கு வரவு, பில் மூன்றையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார். ஒரு பொருளுக்கு 2 ரூபாய் வித்தியாசம். 16-ஆம் தேதி பர்ச்சேஸ் பிரிவுக்குக் கேள்வி அனுப்புகிறார். பதில் 30-இல் வருகிறது. ஆகஸ்ட் 1 அன்று பில் கணக்கில் ஏறுகிறது. மென்பொருளில் இந்தச் சப்ளையருக்கு ‘பதிவான நாளிலிருந்து 30 நாள்’ என்று இருப்பதால் ஆகஸ்ட் 31-இல் பணம் போகிறது.

மையத்தின் கணக்குப்படி இந்தப் பில்லுக்கு ஆன நாட்கள் நான்கு. 14-இலிருந்து 16 வரை இரண்டு, பதில் வந்தபின் இரண்டு. இடைப்பட்ட 14 நாட்கள் ‘பிசினஸிடம் நிலுவை’ என்று ஒதுக்கப்பட்டுவிட்டன. சேவை ஒப்பந்தமான எஸ்.எல்.ஏ.வில் ஐந்து நாள் என்று இருந்தால் டாஷ்போர்டில் இது பச்சை. சப்ளையருக்கு ஆன நாட்களோ 61.

சட்டத்தின் கடிகாரம் சப்ளையரின் கடிகாரத்தோடுதான் ஓடுகிறது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் குறு, சிறு சப்ளையர்களுக்குப் பணம் தரும் காலத்தை வரையறுக்கிறது. எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் சரக்கை ஏற்ற நாளிலிருந்து 45 நாட்களைத் தாண்டக் கூடாது. ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். சரக்கு வந்த 15 நாட்களுக்குள் எழுத்தில் ஆட்சேபம் சொல்லாவிட்டால், வந்த நாளே ஏற்ற நாளாகிவிடும். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி, மாதந்தோறும் கூட்டிக் கணக்கிடப்படும். 2023-ஆம் ஆண்டு நிதிச் சட்டம் வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) என்ற பிரிவைச் சேர்த்தது. 2024-25 மதிப்பீட்டு ஆண்டு முதல், கெடுவுக்குள் கொடுக்காத இத்தகைய தொகையைச் செலவாகக் காட்டும் உரிமை, பணம் உண்மையில் கொடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போகிறது. இதோடு ஜி.எஸ்.டி.யும் சேர்கிறது: பில் தேதியிலிருந்து 180 நாட்களுக்குள் சப்ளையருக்குப் பணம் போகாவிட்டால், எடுத்த உள்ளீட்டு வரி வரவை வட்டியோடு திருப்ப வேண்டும்.

ஆக, மையம் நான்கு நாள் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது நிறுவனம் வட்டியும் வரியும் சுமக்கிறது. நிதித் தலைவர் மாதாந்திரக் கூட்டத்தில் பச்சை நிற அறிக்கையைப் பார்த்துவிட்டுப் போகிறார். தணிக்கையாளர் வந்து கேட்கும்போதுதான் அவருக்கு 61 நாள் தெரிகிறது. அதற்குப் பிறகு அந்த மையம் காட்டும் எந்த அறிக்கையையும் அவர் முழுமனதோடு நம்ப மாட்டார். ஸ்டேக்ஹோல்டர் விலகிப்போவது இப்படித்தான். மனக்கசப்போ சண்டையோ இல்லாமலேயே நம்பிக்கை போய்விடுகிறது.

இப்போது மையத்தின் டீம் லீடர் ஒருவர் ஓசூருக்கே போய் ஸ்டோர்ஸ் அதிகாரியோடு உட்கார்ந்தால் பேச்சு ஏறக்குறைய இப்படிப் போகும்:

“மேடம், நாலு நாள்ல முடிச்சிட்டோம்னு நீங்க சொல்றீங்க. சப்ளையர் எனக்கு தினமும் போன் பண்றாரு. நான் அவருக்கு என்ன பதில் சொல்றது?”

“சார், சரக்கு ஒண்ணாம் தேதி வந்திருக்கு. ஜி.ஆர்.என். ஒன்பதாம் தேதிதானே போட்டிருக்கீங்க?”

“க்யூ.சி. பார்க்காம நான் எப்படிப் போடுறது? அவங்க எங்க ஷெட்டுக்கு வாரத்துல ரெண்டு நாள்தான் வர்றாங்க. செவ்வாய் விட்டா வெள்ளி. லீவு வந்தா அதுவும் தள்ளிப்போகும்.”

“இது எங்க யாருக்கும் தெரியாது சார்.”

“கேட்டாத்தானே சொல்ல முடியும்?”

வாரத்தில் இரண்டு நாள் வரும் க்யூ.சி. ஆளைப் பற்றி எந்த டாஷ்போர்டும் சொல்லாது. சென்னையில் உட்கார்ந்து எத்தனை நினைவூட்டல் அனுப்பினாலும் இது தீராது. தரப் பிரிவுத் தலைவரிடம் பேசி, குறு, சிறு சப்ளையர்களின் சரக்கு வந்தால் அன்றே அல்லது மறுநாளே பார்க்கும்படி ஏற்பாடு செய்தால் ஒரு வாரம் மிச்சமாகும். மென்பொருளில் அந்தச் சப்ளையர்களுக்கான கெடுவைப் பதிவான நாளிலிருந்து எண்ணாமல் சரக்கு வந்த நாளிலிருந்து எண்ணும்படி மாற்றினால் இன்னும் ஒரு மாதம். சிறிய விலை வித்தியாசங்களைப் பர்ச்சேஸுக்கு அனுப்பாமலே தீர்க்க நிதித் தலைவரிடம் ஒரு வரம்பு வாங்கிவிட்டால் மீதியும் குறையும். இந்த மூன்று மாற்றங்களில் எதையும் மையம் தன் அதிகாரத்தால் செய்துவிட முடியாது. மூன்றுக்கும் வேறொருவரின் சம்மதம் வேண்டும். அந்தச் சம்மதத்தைப் பெறுவதுதான் தலைவரின் வேலை. அதற்கான ஆதாரம் ஓசூர் ஷெட்டில் கிடைத்தது.

எஸ்.எல்.ஏ. எழுதும்போதே இதைச் செய்துவிடலாம். மையம் எத்தனை நாளில் முடிக்கும் என்று மட்டும் எழுதும் ஒப்பந்தம் ஒற்றைக்கால் ஒப்பந்தம். சரக்கு வந்து எத்தனை நாளில் வரவு பதியப்படும், கேள்விக்குப் பர்ச்சேஸ் எத்தனை நாளில் பதில் சொல்லும் என்பதும் அதே தாளில் இருக்க வேண்டும். கூடவே, சரக்கு வந்ததிலிருந்து பணம் போகும்வரை ஆகும் மொத்த நாட்களும் ஓர் அளவாக இருக்கட்டும். அந்த மொத்தத்துக்குத் தனி ஒருவர் பொறுப்பாக மாட்டார். எல்லாரும் சேர்ந்து பொறுப்பு. அப்போதுதான் ‘எங்கள் பக்கம் முடிந்துவிட்டது’ என்ற பேச்சு நிற்கும்.

பெயரும் முகமும்

மிராமிச்சிக்குத் திரும்புவோம். சிக்கல் முற்றிய பிறகு அவர்கள் செய்த மாற்றங்களில் ஒன்று கவனிக்கத்தக்கது. 2017 டிசம்பரில் மூன்று துறைகளுக்கு மட்டும் தனித்தனிக் குழுக்களை அமைத்தார்கள். ‘பே பாட்’ என்று அதற்குப் பெயர். அதுவரை வேலை வகை வாரியாகப் பிரிக்கப்பட்டிருந்தது. மகப்பேறு விடுப்பு ஒருவரிடம், பதவி உயர்வு வேறொருவரிடம் என்று ஓர் ஊழியரின் கோப்பு பல கைகளில் சிதறியிருந்தது. புதிய ஏற்பாட்டில் ஒரு குழு ஒரு துறையின் ஊழியர்களை முழுமையாகப் பார்த்துக்கொண்டது. அந்தத் துறையின் விதிகளும் பழக்கங்களும் அந்தக் குழுவுக்குப் பிடிபட்டன. பலன் தெரிந்ததும் படிப்படியாக மற்றத் துறைகளுக்கும் விரித்தார்கள்.

வேலையை வகை வாரியாகப் பிரித்தால் ஒரு பில்லுக்கு ஆகும் செலவு குறையும் என்பது கணக்கியல் உண்மை. ஆனால் மறுபக்கம் இருப்பவர் ஒவ்வொரு முறையும் புதிய ஆளிடம் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தச் செலவு மையத்தின் புத்தகத்தில் ஏறுவதில்லை. எளிய, ஒரே மாதிரியான வேலைகளை வகை வாரியாகவே வைத்துக்கொள்ளுங்கள். சிக்கலானவற்றுக்கு மட்டுமாவது ஒவ்வொரு தொழிற்சாலைக்கும், ஒவ்வொரு பிரிவுக்கும் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடிய ஓர் ஆள் மையத்தில் இருக்கட்டும். டிக்கெட் எண் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்; கணக்கு வைக்க அது தேவை. ஆனால் டிக்கெட்டின் அடியில் ஒரு மனிதரின் பெயரும் நீட்டிப்பு எண்ணும் இருக்க வேண்டும்.

சென்னை மையங்களுக்கு இது கூடுதலாகப் பொருந்தும். உலக வங்கி தன் கணக்கு வேலைகளுக்காகச் சென்னையில் அலுவலகம் திறந்தது 2001-இல். ஸ்டாண்டர்டு சார்ட்டர்டு வங்கியின் ஸ்கோப் இன்டர்நேஷனலும் அதே ஆண்டு இங்கேதான் தொடங்கியது. அன்று முதல் இந்த நகரத்தில் ஒரு தலைமுறையே இந்தத் தொழிலில் வளர்ந்திருக்கிறது. ஆட்கள் ஒரு மையத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதும் வழக்கமாகிவிட்டது. லண்டனிலோ சிங்கப்பூரிலோ இருப்பவர் இங்குள்ள ஒருவரோடு பழகி முடிப்பதற்குள் இங்குள்ளவர் வேறு நிறுவனத்துக்குப் போயிருப்பார். போவதைத் தடுக்க முடியாது. விடைபெறும் மின்னஞ்சலோடு விட்டுவிடாமல், புதியவரைப் பழையவரே ஒரு கூட்டத்தில் அறிமுகம் செய்து, நிலுவையில் இருக்கும் விஷயங்களை மூவருமாக ஒருமுறை பேசிவிடும் வழக்கத்தை ஏற்படுத்தலாம். அரை மணி நேரம் ஆகும். பல மாதக் குழப்பம் தவிரும்.

நம் ஊர் மையங்களில் இன்னொன்றும் உண்டு. வெளிநாட்டு அழைப்பில் கேட்டதற்கெல்லாம் சம்மதம் சொல்லிவிடும் பழக்கம் இளைஞர்களிடம் இருக்கிறது. மரியாதையால் சொல்கிறார்கள், பயத்தாலும் சொல்கிறார்கள். அழைப்பு முடிந்த பிறகுதான் தங்களுக்குள் “வெள்ளிக்கிழமைக்குள்ள எப்படி முடியும்?” என்று கேட்டுக்கொள்கிறார்கள். வெள்ளிக்கிழமை வந்ததும் அங்கே இருப்பவர் ஏமாந்துபோகிறார். முடியாததை முடியாது என்று அழைப்பிலேயே சொல்லும் தைரியத்தைத் தலைவர்தான் கொடுக்க வேண்டும். வாயால் சொன்னால் போதாது. ஓர் இளையவர் “வெள்ளிக்கு முடியாது, அடுத்த புதன்கிழமை தருகிறோம்” என்று சொல்லும்போது தலைவர் அதே அழைப்பில் அவரை ஆதரித்துப் பேச வேண்டும். ஒருமுறை பார்த்துவிட்டால் மற்றவர்களும் சொல்லத் தொடங்குவார்கள். சொன்ன தேதியில் வேலை வந்து சேர்வதைக் கண்டதும் மறுபக்கமும் மாறும்.

மாதாந்திரக் கூட்டம்

பல மையங்களில் மாதாந்திரக் கூட்டம் என்பது நாற்பது ஸ்லைடுகளை வாசித்துக் காட்டுவது. கேட்பவர்கள் மறுபக்கம் வேறு வேலை பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த ஸ்லைடுகளை இரண்டு நாள் முன்னதாக அனுப்பிவிடுங்கள். கூட்டத்தில் முதல் வார்த்தை பிசினஸ் பக்கத்திலிருந்து வரட்டும்: இந்த மாதம் மையத்தின் வேலையில் எது தங்களுக்குச் சிரமம் கொடுத்தது என்று அவர்கள் சொல்லட்டும். அடுத்து, மிக அதிக நாள் தேங்கியிருக்கும் மூன்று விஷயங்களை எடுத்துக்கொண்டு, சராசரியை மறந்து, அந்த மூன்றின் முழுக் கதையையும் தேதி வாரியாகப் பாருங்கள். சராசரி நல்லதாக இருக்கும்போதே இந்த மூன்றும் ஆறு மாதமாகக் கிடக்கக்கூடும். அவை ஏன் கிடக்கின்றன என்று தேடினால் அதே காரணம் இன்னும் பல நூறு பில்களைத் தொட்டிருப்பது தெரியவரும். கூட்டம் முடியும்போது யார், எதை, எந்தத் தேதிக்குள் செய்வது என்று எழுதி, அன்று மாலையே அனுப்பிவிட வேண்டும். அடுத்த கூட்டம் அந்தப் பட்டியலிலிருந்து தொடங்கும்.

பணம் பற்றிய பேச்சை இந்தக் கூட்டத்தில் கலக்காதீர்கள். மையத்தின் செலவை எந்தப் பிரிவு எவ்வளவு ஏற்பது என்பது ஆண்டுக்கு ஓரிரு முறை தனியாகப் பேச வேண்டியது. அங்கும் ஒளிவுமறைவு கூடாது. ஒரு பில்லுக்கு எவ்வளவு, அதில் திருப்பி அனுப்பிய பில்லுக்கு ஆகும் கூடுதல் எவ்வளவு என்று பிரித்துக் காட்டினால், சுத்தமான பில் அனுப்பும் தொழிற்சாலைக்குக் குறைந்த கட்டணம் என்ற பேச்சுக்கு வழி பிறக்கும்.

எங்கே விட்டுக்கொடுப்பது

ஸ்டேக்ஹோல்டரை மதிப்பது என்றால் கேட்டதையெல்லாம் செய்து கொடுப்பது என்று சிலர் எண்ணுகிறார்கள். அப்படிச் செய்தால் மையத்துக்கு அர்த்தமே இல்லாமல் போகும். ஒவ்வொரு தொழிற்சாலையும் தன் தன் படிவத்தைக் கொண்டுவந்து நிறுத்தும். ஒரு வேறுபாட்டுக்கு இடம் கொடுக்கலாமா என்று முடிவு செய்ய ஒரு கேள்வி போதும்: சட்டமோ, வாடிக்கையாளரோடு செய்த ஒப்பந்தமோ, தொழிலின் இயல்போ அதைக் கேட்கிறதா? கேட்டால் விட்டுக்கொடுங்கள், முழு மனதோடு செய்து கொடுங்கள். வெறும் பழக்கம்தான் காரணம் என்றால் மறுத்துவிடுங்கள். மறுப்பை மையத்தின் கிளார்க் வாயால் சொல்ல வைக்காதீர்கள். தலைவரே நேரில் சொல்லி, காரணமும் சொல்லி, அந்தப் பழக்கத்தை விட்டு மாற அவர்களுக்கு என்ன உதவி தேவை என்றும் கேட்க வேண்டும். சரியான காரணத்தோடு முகத்துக்கு நேராகச் சொல்லும் மறுப்பைப் பெரும்பாலோர் ஏற்றுக்கொள்வார்கள். பதில் வராத மின்னஞ்சலை யாரும் மன்னிப்பதில்லை.

கெட்ட செய்தி

ஃபீனிக்ஸ் அறிக்கையைப் படிக்கும்போது என்னை மிகவும் உறுத்தியது மென்பொருளின் பிழைகள் அல்ல. பிழை இருப்பது பலருக்குத் தெரிந்திருந்தும், முடிவெடுக்க வேண்டிய இடத்துக்கு அது முழு அளவில் போகவில்லை என்பதே. திட்டத்தை நடத்தியவர்களே அது தயார் என்றும் சொன்னார்கள். அவர்களின் முடிவுகளைச் சுயேச்சையாக மேற்பார்வையிட யாரும் இல்லை. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் 2010 மார்ச்சில் சுகாதாரத் துறைச் சம்பள மென்பொருள் தொடங்கியபோதும் இதே போன்றது நடந்தது. அங்கும் அரசின் ஷேர்டு சர்வீசஸ் திட்டத்தின் கீழ்தான் வேலை நடந்தது. ரிச்சர்டு செஸ்டர்மன் தலைமையிலான விசாரணை ஆணையம் 2013-இல் அறிக்கை கொடுத்தது. மருத்துவமனை ஊழியர்களின் சம்பளத்துக்கு என்னென்ன தேவை என்பதையே ஆரம்பத்தில் சரியாக வரையறுக்கவில்லை என்பது அதன் முடிவுகளில் ஒன்று.

ஆகவே, புதிய வேலையை மையத்துக்கு மாற்றும்போது இரண்டு உரிமைகளை எழுத்தில் கொடுத்துவிடுங்கள். ஒன்று, சிறிய பிரிவு ஒன்றில் முதலில் ஓட்டிப் பார்ப்பது. கால அட்டவணை எவ்வளவு நெருக்கினாலும் இதை வெட்டக் கூடாது. கனடாவில் வெட்டப்பட்டவற்றில் இதுவும் இருந்தது. மற்றொன்று, தொடங்கும் நாளை நிறுத்திவைக்கும் உரிமை. இது மையத்தின் சேவையைப் பெற்றுக்கொள்ளும் பிரிவின் கையில் இருக்க வேண்டும், மையத்தின் கையில் இருக்கக் கூடாது. சம்பளப் பட்டியல் தவறினால் ஊழியரின் முகத்தைப் பார்க்கப்போவது அந்தப் பிரிவின் மேலாளர். அவர் வேண்டாம் என்றால் நிற்கட்டும். ஒரு மாதத் தாமதத்தின் செலவை யாரும் கணக்கிட்டுவிடலாம்.

அன்றாடத்தில் இதன் சிறிய வடிவம் எளிது. மாதக் கணக்கு முடிப்பு மூன்றாம் வேலை நாளில் என்று சொல்லியிருக்கிறீர்கள். முடியாது என்று இரண்டாம் நாள் காலையிலேயே தெரிகிறது என்றால் அப்போதே போனை எடுங்கள். மூன்றாம் நாள் மாலை மின்னஞ்சல் அனுப்பினால் அது வெறும் தகவல். ஒரு நாள் முன்னதாகச் சொன்னால் மறுபக்கம் ஏதாவது செய்துகொள்ள முடியும்.

எதை அளப்பது

ஆண்டுக்கொரு முறை திருப்திக் கணக்கெடுப்பு நடத்துவதில் தவறில்லை. அதை மட்டும் நம்ப வேண்டாம். பதில் எழுதுபவர்கள் பெரும்பாலும் நல்லவிதமாகவே எழுதிவிடுவார்கள். இந்த மூன்று எண்களையும் அவர்களோடு சேர்ந்தே பாருங்கள்: முதல் முறையிலேயே குறையில்லாமல் வந்த பில்கள் எத்தனை சதவீதம், மிகப் பழைய நிலுவைக்கு எத்தனை நாள், ஒரே விஷயத்துக்காக ஒருவர் எத்தனை முறை தொடர்புகொண்டார். கடைசி எண்ணைப் பல மையங்கள் எடுப்பதே இல்லை. மூன்றாவது முறை போன் செய்பவர் கோபப்படுவதற்கு முன்பே அவரை நீங்கள் கூப்பிட்டுவிட அந்த எண் உதவும்.

அடுத்த மாதக் கணக்கு முடிப்பு தொடங்கும் முன் ஒரு நாள் ஒதுக்குங்கள். உங்கள் மையத்தில் மிகப் பழையதாகக் கிடக்கும் மூன்று பில்களை எடுத்துக்கொண்டு, அவை கிளம்பிய தொழிற்சாலைக்குப் போய் ஸ்டோர்ஸில் இருப்பவரையும் பர்ச்சேஸில் இருப்பவரையும் ஒரே மேசையில் உட்கார வையுங்கள். என்ன நடந்தது என்று முதலில் அவர்கள் சொல்லட்டும்.